சும்மாதான் இருந்தேன்!

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களைத் திங்கட்கிழமை காலையில் பிரித்துப் படிப்பது என் வழக்கம். சமையல் சந்தேகம் கேட்டு வருபவை பாதி. மாமியார் மேல் புகார் சொல்லி வருபவை மீதி. இந்தத் தடவை இரண்டிலும் சேராத கடிதம் ஒன்று வந்திருந்தது. கணக்கு நோட்டிலிருந்து பிரித்தெடுத்த தாள். மணி மணியான எழுத்து. நாலு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகையால் அவரைக் 'கடிதச் சகோதரி' என்றே வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். சகோதரிக்கு வயது 38. பி.காம். பட்டதாரி. 2008 முதல் 2016 வரை எட்டு வருஷம் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில் மாமியாரும் படுத்த படுக்கையாகிவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார். அந்தக் 'கொஞ்ச நாள்' ஒன்பது வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. மாமியார் இப்போது இல்லை. மூத்த பையன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். சின்னவள் தானே தலை பின்னிக்கொள்ளும் வயசு. மறுபடியும் உத்தியோகத்துக்குப் போகலாமே என்ற ஆசை எட்டிப் பார்த்திருக்கிறது.

போன மாதம் ஒரு பேட்டிக்குப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வயது முப்பதைத் தாண்டியிராது. விண்ணப்பத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "2016-க்கு அப்புறம் ஒண்ணுமே காணோமே! இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க, மேடம்?" என்று கேட்டாராம்.

"வீட்டிலேதான் ஸார்... சும்மாதான் இருந்தேன்."

"சரி, சொல்லி அனுப்பறோம்" என்றாராம் அவர். சொல்லி அனுப்புகிறோம் என்பவர்கள் சொல்லியும் அனுப்புவதில்லை, அனுப்பியும் சொல்வதில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே!

கடிதத்தின் கடைசிப் பாராவை அப்படியே தருகிறேன். "அன்றைக்கு ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. வேலை கிடைக்காததற்காக இல்லை. இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மத்தியானம் கண் அயர்ந்தது கிடையாது. மாமியாருக்கு நாலு வேளை மருந்து, இரண்டு தடவை துணி மாற்றல், பையனுக்குப் பாடம், சின்னவளுக்கு ஆஸ்துமா. பின்னே எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது? நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. இந்த வாரப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

*

'சும்மா' என்ற சொல்லைப் போலப் பொல்லாத சொல் நம் பாஷையில் வேறு இல்லை. சும்மா இருப்பது லேசான காரியமல்ல, ஞானிகளுக்கே கஷ்டப்பட்டுத்தான் கைகூடும் என்பார்கள் பெரியவர்கள். அப்பேர்ப்பட்ட பதவியை நம் வீடுகளில் அடுப்படிக்கும் குழாயடிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிற பெண்களுக்கு எவ்வளவு தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள், பாருங்கள்! "உங்க வீட்டுக்காரி வேலைக்குப் போறாங்களா?" "இல்லே, வீட்டிலே சும்மாதான் இருக்கா." ஆயிரம் தடவை நம் காது கேட்க இப்படிச் சொன்னால், ஆயிரத்தோராவது தடவை நம் வாயே சொல்லிவிடுகிறது.

சும்மா இருப்பதன் கணக்கு எவ்வளவு என்று சர்க்கார் அளந்தே பார்த்திருக்கிறது. மக்கள் தங்கள் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2024-ல் இந்தியா முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிஷம். ஆண்களில் அப்படி ஈடுபடுகிறவர்கள் செலவிடுவது 88 நிமிஷம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

ஆகவே, சகோதரி, நீங்கள் சொன்னது பொய். அடக்கத்தினால் சொன்ன பொய்யானாலும் பொய் பொய்தான்.

*

சரி, மெய்யான பதில் என்ன?

இந்த இடத்தில் சிலர் ஒரு யோசனை சொல்வார்கள். "குடும்பத்தை நடத்துவது ஒரு கம்பெனியை நடத்துவது மாதிரி. நான் வரவு செலவுத் திட்டம் போட்டேன், நேரத்தை நிர்வகித்தேன், ஆட்களைச் சமாளித்தேன்" என்று மிடுக்காகச் சொல்ல வேண்டும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எதிரே இருப்பவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது கணக்கு எழுத ஓர் ஆள். நீங்கள் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்த கெட்டிக்காரத்தனத்தை அவர் எந்தத் தராசில் நிறுப்பார்? வீட்டில் செய்த வேலைக்கு அதற்குரிய கௌரவம் உண்டு. அதற்குக் காரியாலய வேஷம் போட்டுத்தான் கௌரவம் தேட வேண்டும் என்பதில்லை.

எனக்குத் தோன்றும் பதிலுக்கு மூன்றே வாக்கியங்கள் போதும். முதல் வாக்கியத்தில் உண்மையை உண்மையாகச் சொல்லிவிடுங்கள்: "2016-ல் குடும்பப் பொறுப்புக்காக வேலையை விட்டேன், அந்தப் பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது." இரண்டாவது வாக்கியம்: "விட்ட இடத்துக்கும் இன்றைக்கும் நடுவே மாறியிருப்பது இன்ன இன்ன, அவற்றை இன்ன வகையில் கற்றுக்கொண்டேன்." மூன்றாவது: "திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால் இன்ன வேலையை நான் தனியாகச் செய்வேன்." மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம், சவால் விடும் குரலும் வேண்டாம். பால் கணக்குச் சொல்வது போல நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதல் வாக்கியத்துக்குத் தைரியம் போதும். இரண்டாவது வாக்கியத்துக்கு உழைப்பு வேண்டும். அதை எப்படிச் சம்பாதிப்பது என்று பார்ப்போம்.

நீங்கள் வேலையை விட்டது 2016-ல். அப்போது 'வாட்' இருந்தது, சேவை வரி இருந்தது, கலால் வரி இருந்தது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்து இவற்றில் பெரும்பாலானவற்றை விழுங்கிவிட்டது. நீங்கள் பழகிய 'டாலி' 2020-ல் 'டாலி பிரைம்' என்று உருமாறிவிட்டது. அந்த வருஷமே பெரிய கம்பெனிகளுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமாயிற்று. வர வர அந்த வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிற நிறுவனங்கள் வரை வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்ததும் தலை சுற்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்களே பெரிய அளவில் மாற்றி அமைக்கப்பட்டன. 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வருவதாக நிர்ணயிக்கப்பட்டது. பிரிவு எண்களெல்லாம் புதுசு. 'கணக்கீட்டு ஆண்டு', 'முந்தைய ஆண்டு' என்று இருந்த குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஆகிவிட்டது. இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? உங்களைப் பேட்டி கண்ட அந்த வாலிபரும் புதுப் பாடம் படிக்க வேண்டியவராகிவிட்டார்! ஒன்பது வருஷம் நாற்காலியை விட்டு எழுந்திராதவரும், ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டிய சமயம் இது. இதைவிட நல்ல முகூர்த்தம் ஏது?

எங்கே கற்பது? ஐம்பதாயிரம், லட்சம் என்று கேட்கிற விளம்பரப் பள்ளிக்கூடங்களுக்கு உடனே ஓட வேண்டாம். மத்திய சர்க்காரின் 'ஸ்வயம்' தளத்தில் கணக்கு, வரி சம்பந்தமான பாடங்கள் இருக்கின்றன. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம். பாடம் ஓரளவு பிடிபட்டதும், பக்கத்துத் தெருவில் ஓர் ஆடிட்டர் காரியாலயம் இருந்தால் நேரே போய்க் கேளுங்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் அவர்கள் கண் விழித்து வேலை செய்கிற காலம். கை கொடுக்க ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மூன்று மாதம் குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லை. மாதா மாதம் அனுப்ப வேண்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் இரண்டையும் உங்கள் கையாலேயே போட்டுப் பழகிவிட்டால், இரண்டாவது வாக்கியம் தானே வந்துவிடும்.

மற்றத் தொழில்காரர்களுக்கும் இதே வழிதான். ஆசிரியையாக இருந்தவர்கள், தமிழ்நாட்டில் 2018-19 முதல் பள்ளிப் பாடப் புத்தகங்கள் மாறியதை எடுத்து வைத்துப் படியுங்கள். நர்ஸாக இருந்தவர்கள், கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விஞ்ஞானம் படித்தவர்களுக்கென்றே மத்திய விஞ்ஞான தொழில்நுட்பத் துறை 2002-03-ல் ஒரு திட்டம் தொடங்கியது. இடையில் வேலையை விட்ட பெண்கள் ஆராய்ச்சிக்குத் திரும்புவதற்கு உதவித்தொகை தரும் திட்டம் அது. பெயரும் விதிகளும் பல தடவை மாறியிருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவே ஓர் எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே வேலை, மாதம் முப்பதாயிரம், முன்பணம் இரண்டாயிரம் மட்டும்" என்று செல்போனில் செய்தி வந்தால் அதை அந்தக் கணமே அழித்துவிடுங்கள். சம்பளம் கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும், வாங்குபவர் அல்ல. தெரியாமல் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

இன்னொரு சமாசாரம், இது பணம் சம்பந்தப்பட்டது. பழைய கம்பெனியில் பி.எப். பிடித்திருப்பார்கள் அல்லவா? 2014-க்குப் பிறகும் வேலையில் இருந்ததால் உங்களுக்கு 12 இலக்கத்தில் ஒரு நிரந்தர எண் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். பி.எப். பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷச் சேவை வேண்டும். பென்ஷன் பணத்தை அப்போது திருப்பி வாங்காமல் விட்டிருந்தால், உங்களுடைய எட்டு வருஷம் அப்படியே நிற்கிறது. புது வேலையில் அதே எண்ணைக் கொடுத்தால், இன்னும் இரண்டே வருஷத்தில் பத்து பூர்த்தியாகிவிடும். புது எண் வாங்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் 'சும்மா' இருந்த காலத்திலும் அந்த எட்டு வருஷம் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று நினைத்தால் கொஞ்சம் தெம்பாக இல்லை?

*

கரையில் நின்றுகொண்டு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நானும் தண்ணீர் குடித்தவள்தான்.

என் பெண் பிறந்தபோது நானும் வேலையை விட்டேன். மூன்று வருஷம். பிறகு ஒரு பத்திரிகைக் காரியாலயத்துக்குப் பேட்டிக்குப் போனேன். (நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பத்திரிகை அல்ல, அதன் பெயர் இங்கே வேண்டாம்.) வெளியே பெஞ்சில் என்னோடு ஓர் இளைஞரும் காத்திருந்தார். பேச்சுவாக்கில் அவருக்கு இரண்டு குழந்தைகள், சின்னது கைக்குழந்தை என்று தெரிந்தது. அவர் உள்ளே போய் வந்தார். பிறகு நான் போனேன். "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வெளியே வந்து அந்த இளைஞரிடம், "உங்களிடம் கேட்டார்களா?" என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எதை?" என்றார்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து இங்கே கிடைத்தது. முதல் வாரம் நான் பட்ட பாடு! நான் போகும்போது இருந்த பக்க அமைப்பு முறை அடியோடு மாறிவிட்டிருந்தது. என்னைவிடப் பத்து வயசு சின்னப் பெண் ஒருத்தி, "இப்படி இல்லேக்கா, இந்தப் பொத்தானை அழுத்துங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். உள்ளுக்குள் கூசியது. ஆனாலும் ஒரு சின்ன நோட்டு வாங்கி அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். அப்படியும் இரண்டாவது வாரம் பூண்டு ரசம் செய்முறைக்கு மேலே மைசூர்பாகு படத்தைப் போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண்தான் பார்த்துக் காப்பாற்றினாள். நாலு மாதம் ஆனதும் அந்த நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கும் அது என் மேஜை அறையில் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திரும்பி வருகிறவர்களில் பல பேர் விட்டுவிட்டுப் போவது அந்த முதல் நாலு மாதத்தில்தான். வேலை தெரியாததால் அல்ல. இங்கே கூச்சம், அங்கே வீட்டுக் கவலை. இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது கால் தடுமாறிவிடுகிறது. கூச்சத்தை ஒரு நோட்டுப் புத்தகம் தீர்த்துவிடும். வீட்டுக் கவலையை யார் தீர்ப்பது?

*

இங்கேதான் நான் உங்கள் வீட்டுக்காரரையும் கொஞ்சம் கூப்பிட வேண்டியிருக்கிறது.

"நான் என்ன, வேலைக்குப் போகாதேன்னா சொல்றேன்? தாராளமாப் போ. வீடு மட்டும் நடக்கணும்" என்பார் அவர். நல்ல மனிதர்தான். ஆனால், ஐயா, வீடு எப்போது நடந்தது? இத்தனை நாளும் நடந்தது உங்கள் மனைவியின் கால்கள் அல்லவா?

பழைய கதை ஒன்று சொல்கிறேன், நிஜமாக நடந்தது. ஏ. லலிதா என்று ஒருவர். சென்னையில் பிறந்தவர். 15 வயசில் கல்யாணம், 18 வயசில் கைக்குழந்தையோடு விதவை. தகப்பனார் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியர். மூலையில் உட்காரச் சொல்லாமல் மகளை அதே கல்லூரியில் சேர்த்தார். 1943-ல் மின்சார என்ஜினீயரிங் படிப்பை முடித்து, இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர்களில் ஒருவரானார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துப் பெண்பாலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம்! பிற்பாடு கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் என்ஜினீயர்கள் மகாநாட்டுக்கும் போய் வந்தார்.

இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவர் ஏன் கல்கத்தா வேலையை ஏற்றார் தெரியுமா? அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. அவர் வேலைக்குப் போகும்போது குழந்தையை அந்த அண்ணியார் பார்த்துக்கொண்டார். லலிதாவின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைக்குச் சோறு போட்டவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமல் இவர் இல்லை.

திரும்பி வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படி நாலு மணிக்கு ஓர் ஆள் வேண்டும். புருஷனாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறவராகவும் இருக்கலாம். 'யாராவது பார்த்துப்பாங்க' என்பது மட்டும் ஆள் ஆகாது.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள், சகோதரி. வேலை கிடைப்பதற்கு முன்பே இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். மாலை ஆறரைக்குத் திரும்புங்கள். சென்னைவாசியானால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வெளியூரானால் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து மேலே சொன்ன பாடத்தைப் படியுங்கள். வீட்டிலிருந்து செல்போன் அடித்தால் மத்தியானம் ஒரு தடவை மட்டும் பேசுங்கள். "இஞ்சி எங்கே இருக்கு?" என்று கேட்டால், "தேடினா கிடைக்கும்" என்று சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் பால் பொங்கி வழியும். இரண்டாம் நாள் சிலிண்டர்க்காரர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார். மூன்றாம் நாள் சின்னவளின் மூச்சு மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற உண்மை வெளியாகும். நல்லதுதான். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள். 'உதவி' என்று எழுத வேண்டாம். உதவி செய்கிறவர் இஷ்டப்பட்ட நாளில் செய்வார். பொறுப்பேற்றவர் தினமும் செய்வார். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பரீட்சை என்றால் காய்கறி வேண்டாம். தன் தட்டைத் தானே கழுவ எந்தப் பரீட்சையும் தடையல்ல.

இரண்டு வாரம் முடிந்ததும் அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பேட்டியில் "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டால், "ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்ற ஒரு சொல் போதும். அது மெய்யாகவும் இருக்கும்.

*

கடைசியாக, வேலை கொடுக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகையை வீட்டில் எடுத்துப் புரட்டுகிறவர்களில் நீங்களும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

2023-24 கணக்குப்படி, நம் நாட்டு நகரங்களில் 15 வயசுக்கு மேற்பட்ட பெண்கள் 100 பேரில் 28 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். கிராமத்துப் பெண்களில் அது 47-க்கும் மேல். அதிகப் படிப்பும் அதிகக் காரியாலயமும் உள்ள இடத்தில் குறைவு! மீதிப் பேரில் எத்தனை கணக்காளர்கள், எத்தனை ஆசிரியைகள், எத்தனை என்ஜினீயர்கள் அடுப்படியில் நிற்கிறார்களோ!

கல்யாணமும் குழந்தையும் பெண்ணின் உத்தியோகத்துக்கு முற்றுப்புள்ளி என்று ஒரு காலத்தில் விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். அயல்நாட்டுத் துறையில் சேர்ந்த பெண் கல்யாணம் செய்துகொள்ள சர்க்காரின் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு விதி. சென்னையில் படித்து அந்தத் துறையில் சேர்ந்த முதல் பெண்ணான முத்தம்மா, சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1979-ல் கோர்ட்டு அத்தகைய விதிகளை வன்மையாகக் கண்டித்தது. விமானப் பணிப்பெண் முதல் தடவை கர்ப்பமானால் வேலை போய்விடும் என்ற விதியை 1981-ல் அதே கோர்ட்டு ரத்து செய்தது. பிரசவ லீவு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது 2017-ல். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் அப்போதுதான் சட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாடு சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதமாக அந்த லீவை உயர்த்தியது.

இவையெல்லாம் வேலையில் இருக்கிறவர்களுக்கு. விட்டுப் போனவர்களுக்கு? வழி இல்லாமல் இல்லை. படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் இரண்டே வருஷத்தில் பரீட்சை எழுதும்படி, துர்காபாய் தேஷ்முக் தலைமை வகித்த மத்திய சமூகநல வாரியம் 1958-லேயே சுருக்கப் பாடத் திட்டம் தொடங்கியது. 2008-ல் டாடா நிறுவனம், இடையில் வேலையை விட்ட பெண்களுக்கென்று சில மாதம் ஊதியத்தோடு வேலை பழகும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பழகிய பிறகு இரு தரப்பும் பிடித்திருந்தால் தொடரலாம் என்பது இம்மாதிரித் திட்டங்களின் சூட்சுமம். சின்னக் கம்பெனிகளும் இதைச் செய்யலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை. மூன்று மாதம் அவகாசம், பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள், மூன்று மாத முடிவில் சம்பளத்தைத் திருத்துவதாக எழுத்தில் ஓர் உறுதி. இந்த மூன்றும் போதும்.

சகோதரிகளே, அந்த மூன்றாவதை நீங்களும் கேட்டு வாங்க வேண்டும். "ஒன்பது வருஷ இடைவெளி இருக்கே" என்று சம்பளத்தைக் குறைத்தால், ஆரம்பத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஆனால் எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்று கேட்டு, அதைக் கடிதத்தில் போடச் சொல்லுங்கள். தேதி போடாத வாக்குறுதியும் "சொல்லி அனுப்பறோம்" என்பதும் ஒன்றுதான்.

*

கடிதச் சகோதரிக்கு:

உங்கள் நாலு பக்கக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமியாருக்குக் கொடுத்த மருந்துகளை வேளைவாரியாக எழுதியிருந்தீர்கள். அவர் போய் எத்தனையோ நாளான பிறகும் ஒரு வேளைகூட உங்கள் நினைவில் பிசகவில்லை. அதைப் பேட்டியில் சொல்ல வேண்டாம். ஆனால் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

மறுபடியும் விண்ணப்பம் போடுங்கள். '2016 முதல் குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்து, காலியாக விட்ட இடத்தை நிரப்புங்கள். பேட்டி என்றைக்கு என்று எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். போன தடவை வந்த அதே சிரிப்போடு யாராவது, "இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதையும் அந்தக் கார்டில் எழுதுங்கள். அந்த ஒரு சொல் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

பி.கு.: இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி, காபி தம்ளருக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். தம்ளரை அவரே கழுவி வைத்தால், ஒத்திகை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.